பொங்கலுக்கு வருகிற பிள்ளை

வேலூர் சைதாப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா ஐம்பது வருஷத்துக்கு மேல் சிவாஜி ரசிகர். ஒவ்வொரு ஜூலை 21ஆம் தேதியும் வீட்டுக் கூடத்தில் சிவாஜி படத்துக்கு மாலை போட்டு, வாழையிலையில் படையல் வைத்து, தெருவில் பத்துப் பேருக்குச் சோறு போடுவாராம். போன தை மாதம் தாத்தா தவறிவிட்டார். அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் பாட்டுப் புத்தகங்கள், மன்ற அட்டை, ஒரு கோடு போட்ட நோட்டு. "பெத்தவங்களுக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு நடிகருக்கு இன்னாத்துக்குத் திதி? இனிமே நாங்களும் அதைச் செய்யணுமா? இந்தப் பெட்டியை இன்னா பண்றது?" என்பது அவர் கேள்வி.

தம்பி, உங்கள் தாத்தாவின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அவரை மாதிரி முப்பது பேரையாவது எனக்குத் தெரியும். லாங்கு பஜாரை ஒட்டின சந்தில் முப்பத்தைந்து வருஷம் அச்சகம் வைத்திருந்தவன் நான். படம் வந்தால் வாழ்த்துப் போஸ்டர், நூறாவது நாளுக்கு நோட்டீஸ், பிறந்தநாளுக்கு அன்னதான அழைப்பு என்று மன்றத்துப் பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள். பாதிப் பேர் பீடிக் கம்பெனி, மீதிப் பேர் மண்டி, தறி, தோல் ஷாப்பு. கையில் காசு இருக்காது. வாரத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துத் தீர்ப்பார்கள். ஒருத்தர் கூட என்னை ஏமாற்றினது கிடையாது. அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன்.

2001 ஜூலை 21, சனிக்கிழமை. ஆடி பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஊரெல்லாம் வேப்பிலைத் தோரணம், அம்மன் கோயில் மைக்செட். இருட்டின பிறகுதான் சேதி வந்தது, சிவாஜி சென்னை அப்பல்லோவில் காலமாகிவிட்டார், வயசு 72. நான் கடையைச் சாத்திப் பூட்டப் போகிற நேரம். முதலில் ரெண்டு பேர் வந்தார்கள், அப்புறம் ஆறு, அப்புறம் சந்து முழுக்க. யாரும் பேசவில்லை. அவர்களில் மூத்தவர், கொசப்பேட்டையில் தறி வைத்திருந்தவர், "சார், மெஷின் ஓட்டணும்" என்றார். அவ்வளவுதான்.

அப்போதே பெரிய ஊர்களில் கம்ப்யூட்டரும் ஆப்செட்டும் வந்துவிட்டன. என்னிடம் இருந்தது பழைய சிலிண்டர் மெஷின். தலைப்புக்குப் பெரிய மர எழுத்து, படத்துக்குத் துத்தநாக பிளாக். ஒரு வாழ்த்துப் போஸ்டருக்காகச் செய்த சிவாஜி பிளாக் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதில் அவர் சிரித்துக்கொண்டிருப்பார். சிரிக்கிற முகத்தை அஞ்சலிக்குப் போடலாமா என்று ஒரு பையன் தயங்கினான். வேறு பிளாக் கிடையாது. மண்ணெண்ணெய்த் துணியால் அதைத் துடைத்து மெஷினில் ஏற்றினேன்.

'கண்ணீர் அஞ்சலி' என்று கோத்தேன். என்னிடம் அந்த அளவு மர எழுத்தில் 'ஞ' ஒன்றே ஒன்றுதான், அதுவும் இடது பக்க மூலை தெறித்தது. வழக்கமாக வாழ்த்துப் போஸ்டர் என்றால் கீழே நாற்பது பெயர் வரும். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று என் கடை வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டது உண்டு. அன்றைக்குப் பெயரே யாரும் கொடுக்கவில்லை. ஒருத்தன் மட்டும் அழுகையோடு, "துயரத்தில் வாடும் பிள்ளைகள்னு போடுங்க சார்" என்றான். தறிக்காரர் தடுத்தார். "பிள்ளைங்க மெட்ராஸ்ல இருக்காங்கப்பா. அவங்க எடத்த நாம எடுக்கக் கூடாது. 'வேலூர் வீட்டார்'னு போடுங்க சார்." அப்படியே கோத்தேன். கறுப்பு மையில் ராத்திரி ரெண்டு மணிக்கு முடிந்தது.

நீங்கள் கேட்ட 'இன்னாத்துக்கு' என்பதற்குப் பதில் அந்த ரெண்டு வார்த்தையில் இருக்கிறது. 'வேலூர் வீட்டார்' என்று சொல்லிக்கொள்ள இந்த ஊருக்கு ஒரு பாத்தியதை உண்டு.

நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாள் முதலியார் நம்ம வேலூர்க்காரர். சக்தி நாடக சபாவின் 'நூர்ஜஹான்' நாடகத்தில் நூர்ஜஹானாகவே பெண் வேஷம் கட்டின கணேசன் என்கிற ஒல்லிப் பையனைப் பார்த்து, 'பராசக்தி' படத்துக்குக் கதாநாயகன் இவன்தான் என்று முடிவு கட்டினவர் அவர். மாதம் 250 ரூபாய் சம்பளம். படத்தில் பங்கு வைத்திருந்த ஏவி.மெய்யப்ப செட்டியாருக்குப் பையன் பிடிக்கவில்லை. உடம்பே இல்லையே, கே.ஆர்.ராமசாமியைப் போடலாமே என்றார். கொஞ்சம் படம் பிடித்துப் பார்த்த பிறகும் ஆளை மாற்று என்ற பேச்சு நின்றபாடில்லை. முதலியார் அசையவில்லை. பணம் போட்டவர், புது ஆள், கூட்டாளிக்குச் சம்மதமில்லை. இத்தனைக்கும் நடுவில் ஒரு மனிதர் 'இவன்தான்' என்று நின்றிருக்கிறார். 1952 அக்டோபர் 17, தீபாவளிக்குப் படம் வந்தது. பையனுக்கு அப்போது வயசு 24. அதற்கப்புறம் நடந்தது ஊர் அறிந்த கதை. பல வருஷம் கழித்து ஏவி.எம். ஸ்டூடியோவிலேயே, அவர் முதன்முதலாகக் கேமரா முன்னால் வசனம் பேசின இடத்தில் நினைவுச் சின்னம் வைத்தார்கள்.

அந்தப் பையன் செய்ததுதான் வேலூரை அவரோடு கட்டிப்போட்டது. பொங்கலுக்குப் பொங்கல் முதலியார் வீட்டுக்கு வருவார். தாய்வீட்டிலிருந்து சீர் கொண்டு வருகிற மாதிரி வேட்டி, புடவை, பழத்தட்டோடு, குடும்பத்தோடு. 1960இல் கெய்ரோவில் ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் என்றார்கள். 1966இல் பத்மஸ்ரீ, 1984இல் பத்மபூஷண், 1995இல் பிரெஞ்சு தேசத்து செவாலியே. இவ்வளவு வந்து சேர்ந்த பிறகும், தன்னை முதலில் நம்பின மனிதரின் வாசற்படி அவருக்கு வேலூரில்தான் இருந்தது. அவர் காலத்துக்குப் பிறகு அவர் பிள்ளைகளும் அந்த வழக்கத்தை விடவில்லை.

என் நைனா அந்தக் கூட்டத்தில் நின்றவர். வீட்டில் பொங்கல் பானை பொங்கினதும், இலை போடுவதற்கு முன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவிடுவார். அம்மா திட்டுவாள். "இன்னாய்யா பாத்துட்டு வந்தே?" என்று கேட்டால், "கார்ல வந்தாரு, எறங்குனாரு, செருப்ப வெளியில உட்டுட்டு உள்ள போனாரு" என்பார். வருஷா வருஷம் இதே மூன்று வரிதான். செருப்பை வெளியே விட்டதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். ராஜராஜ சோழனாகவும் கட்டபொம்மனாகவும் திரையில் பார்த்த மனிதர், இன்னொருத்தர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து உள்ளே போனதைத்தான் என் நைனா சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

போஸ்டர் அடித்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடிய, நேதாஜி மார்க்கெட் சுவரில் ஒட்டுகிற இடத்தில் நானும் நின்றேன். மைதா மாவைக் காய்ச்சி, மயில்துத்தம் கொஞ்சம் கலந்த பசை. பக்கெட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பூக்கடை போட வந்த ஒரு பாட்டி நின்று சுவரையே பார்த்தாள். எழுத்துப் படிக்கத் தெரியாத அம்மா. "யாருப்பா அது? பொங்கலுக்கு மொதலியார் ஊட்டுக்கு வருமே, அந்தப் புள்ளையா?" என்றாள். "ஆமா ஆயா." அவள் ஒன்றும் சொல்லவில்லை. கூடையிலிருந்து ஒரு முழம் கதம்பத்தைக் கிள்ளி, அந்த ஈரப் பசையின் மேலேயே, படத்துக்கு மேல் ஒட்டவைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். பசை காய்ந்ததும் பூ அங்கேயே நின்றது. மூன்று நாள் வாடி, கருகி, அப்படியே இருந்தது. ஒட்ட வந்த பையன்கள் அதற்கப்புறம் மற்ற போஸ்டர்களுக்கும் பூ தேடிப் போனார்கள்.

அந்தப் பாட்டி எத்தனை சிவாஜி படம் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு அவர் பொங்கலுக்கு வருகிற ஒரு பிள்ளை. வருகிற பிள்ளை இனி வராது என்றால் வீட்டில் என்ன செய்வோமோ, அதைச் செய்தாள். உங்கள் தாத்தா செய்ததும் அதுதான் தம்பி. ரசிகர் என்ற சொல்லை வைத்துப் பார்த்தால் அந்தப் படையல் புரியாது.

இந்தச் சீமையில் சாவுக்குச் செய்கிற முறை ஒன்று உண்டு, உங்கள் வயசுக்காரர்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. பழைய வட ஆற்காடு, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில், பெரியவர்கள் இறந்தால் பதினாறாம் நாள் காரியத்தில் ராத்திரி கூத்து வைப்பார்கள். வேறு கதை வைக்க மாட்டார்கள், கர்ண மோட்சம்தான். போரில் விழுந்து கிடக்கிற கர்ணனிடம், அவன் செய்த தர்மத்தின் பலனையெல்லாம் கிருஷ்ணன் யாசகமாகக் கேட்க, அதையும் கொடுத்துவிட்டு உயிரை விடுகிற கட்டம் விடியற்காலையில் வரும். கர்ணனுக்குக் கிடைத்த மோட்சம் இறந்தவருக்கும் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு வைக்கிற கூத்து அது. கர்ணன் பெண்டாட்டி பொன்னுருவி புலம்பும்போது, செத்தவர் வீட்டுப் பெண்கள் கூடவே அழுவார்கள். மேடைக்கும் எழவு வீட்டுக்கும் நடுவில் கோடு அழிந்துபோகும்.

சிவாஜி போனதற்குப் பதினாறாம் நாள் ஆகஸ்ட் 5, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. ஆற்காட்டுக்கு அந்தப் பக்கம் என் அம்மா ஊரில் ரசிகர்கள் தலைக்கு இவ்வளவு என்று வசூல் போட்டு ஒரு ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, கூப்பிட்டுக் கர்ண மோட்சம் வைத்தார்கள். ஆடியில் ஜமா கிடைப்பது சுலபமில்லை, பாரதக் கூத்துக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருப்பார்கள். எப்படியோ பிடித்துவிட்டார்கள். நான் போயிருந்தேன். கூட்டத்தில் பாதிப் பேருக்கு, 1964 பொங்கலுக்கு வந்த 'கர்ணன்' படத்தில் சிவாஜி கர்ணனாக விழுந்து கிடந்தது கண்ணில் இருந்திருக்கும். எனக்கு இருந்தது. எதிரில் கட்டை கட்டி, அரிதாரம் பூசி, திரைக்குப் பின்னால் சலங்கையைத் தட்டிக்கொண்டு நிற்கிற கர்ணனோ நம்மூர் விவசாயி. பகலில் கமலைக்காரர் பேரன், ராத்திரியில் அங்க தேசத்து ராஜா.

விடிகாலை, கடைசிக் கட்டத்துக்கு முன்னால் வாத்தியார் தாளத்தை நிறுத்தினார். அந்த இடத்தில் காரியக்காரர்கள் முன்னால் வந்து கற்பூரம் ஏற்றித் தட்சணை வைக்க வேண்டும். "காரியக்காரங்க யாரு? முன்னால வாங்க" என்றார். ஒரு நிமிஷம் ஒருத்தரும் அசையவில்லை. யார் போவது? ரத்த சம்பந்தம் யாருக்கும் கிடையாது. முகவீணைக்காரர் மெல்ல ஊதிக்கொண்டிருந்தார். பிறகு ஒருத்தர் எழுந்தார். இன்னொருத்தர். ஏழு பேர் எழுந்து போனார்கள். அதில் ஒருத்தர் வேட்டியை நனைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார், கொள்ளி வைத்த மகன் மாதிரி. கற்பூரத் தட்டு அவர் கையில் ஆடினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆடாமல் இருக்கப் பக்கத்தில் இருந்தவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

இதை வெறி என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். சினிமா ரசிகனிடம் வெறி கிடையாது என்று நான் சொல்லவே மாட்டேன். எம்.ஜி.ஆர். ரசிகர்களும் சிவாஜி ரசிகர்களும் தியேட்டர் வாசலில் மண்டையை உடைத்துக்கொண்ட காலம் அது. பெண்டாட்டி கம்மலை அடகு வைத்துக் கட்-அவுட் கட்டினவனையும் எனக்குத் தெரியும். அது தப்புத்தான், அவன் குடும்பம் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் செத்த பிறகு ஒருத்தருக்குச் செய்வதில் போட்டியோ லாபமோ கிடையாது. முதல் காட்சிக்கு டிக்கெட் கிடைக்கப் போவதில்லை. மன்றத்தில் பதவி கிடைக்கப் போவதில்லை.

சிவாஜி விஷயத்தில் இது இன்னும் தெளிவு. 1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது தமிழ்நாடே நின்றுபோனது. ஊருக்கு ஊர் மொட்டை போட்டுக்கொண்டார்கள், உயிரை விட்டவர்களும் உண்டு. அவர் முதலமைச்சராக இருந்தபடியே போனவர். அவர் நினைவைத் தூக்கிப் பிடிக்கக் கட்சி, கொடி, சின்னம், மெரினாவில் இடம் எல்லாம் இருந்தன. சிவாஜி 1988இல் தொடங்கின கட்சி நிலைக்கவில்லை. 1989 தேர்தலில் திருவையாற்றில் அவரே தோற்றார். அந்தத் தோல்வி ரசிகர்களுக்குப் பெரிய வலி. ஆனால் அதனால்தான் அவரை நினைக்கிற வேலை முழுக்க வீடுகளுக்கு வந்து சேர்ந்தது என்று நான் நினைக்கிறேன். பேனர் வைக்க வட்டச் செயலாளர் வர மாட்டார், தாத்தாதான் ஆணி அடிக்க வேண்டும், பாட்டிதான் உலை வைக்க வேண்டும்.

சிலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் தாத்தா நிச்சயம் அதற்காக வருத்தப்பட்டிருப்பார். 2006 ஜூலை 21, அவருடைய ஐந்தாவது நினைவு நாளில், கடற்கரைச் சாலையில் கலைஞர் சிலையைத் திறந்து வைத்தார். வேலூரிலிருந்து வேன் பிடித்துப் போனார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்கு நடந்து, நீதிமன்றம் சொன்னபடி 2017 ஆகஸ்டில் ராத்திரியோடு ராத்திரியாக அதை எடுத்து அடையாறு மணிமண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மண்டபத்தை அந்த வருஷம் அக்டோபர் 1, அவர் பிறந்தநாளில் திறந்தார்கள். சிலை எடுத்த அன்றைக்கு நம் தறிக்காரர் கடைக்கு வந்து உட்கார்ந்தார். நான் டீ சொன்னேன். குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கோட்டைக்குள்ள சாமி இல்லாம எத்தினி வருசம் இருந்துச்சு சார்? நாம கோயில்னு சொல்லாம உட்டோமா?" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. 'சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு' என்று நம் ஊரைச் சொல்லிக் காட்டுவார்கள். கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலில் தலைமுறை தலைமுறையாக மூலவர் இல்லை. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981இல் கொண்டுவந்து வைத்தார்கள். அதுவரைக்கும் வெறும் கருவறைதான். ஆனாலும் அந்தப் பக்கம் போகிற என் பாட்டி அகழிக்கு இந்தப் பக்கமிருந்தே கன்னத்தில் போட்டுக்கொள்வாள். தறிக்காரர் சொன்னது அதை. உருவம் எந்த ரோட்டில் நின்றால் என்ன என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்ட விதம் அது. எனக்கு அந்தத் தேறுதல் முழுசாக ஒப்பவில்லை. சிலை கடற்கரையிலேயே ஒரு ஓரமாக இருந்திருக்கலாம் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். முதலில், தயவு செய்து எதையும் லேமினேஷன் செய்துவிடாதீர்கள். காகிதத்தோடு நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தினவன் சொல்கிறேன். பாட்டுப் புத்தகமெல்லாம் மட்டமான நியூஸ்பிரிண்ட். அதற்குள்ளேயே புளிப்பு இருக்கிறது, அதுதான் பழுப்பாக்கி நொறுக்குகிறது. சூட்டில் பிளாஸ்டிக்கை ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டினால் ரெண்டு வருஷத்தில் பசை கறுத்து எழுத்தைத் தின்றுவிடும். நடுவில் இருக்கிற பின் துருப்பிடித்திருக்கும். அதைப் பிடித்து இழுக்காமல், பின்பக்கம் காலை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு வெள்ளை நூலால் ஒரு தையல் போட்டுவிடுங்கள். வெயிலில் காயவைக்கக் கூடாது, நம்மூர் வெயிலில் ஒரே நாளில் அப்பளமாகிவிடும். நிழலில் விசிறிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, படுக்கை வசத்தில் அடுக்குங்கள். காகிதம் தின்கிற ராமபாணப் பூச்சி வராமல் இருக்க வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் போடுங்கள், காகிதத்தின் மேல் படக் கூடாது. டிரங்குப் பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள்.

எல்லாவற்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் செல்போனில் படம் பிடித்துவிடுங்கள். வீட்டில் வைக்க இடமில்லை என்றால், சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைச் சேகரித்துப் பாதுகாக்கிறவர்கள். பழைய பேப்பர் கடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். ஒரு வீட்டில் அப்பா செத்த மறுமாதமே மூட்டையாகக் கட்டிப் போட்டுவிட்டார்கள். தராசில் இருக்கும்போதே நான் பார்த்தேன். கேட்டு வாங்குவதற்குள் அடுத்த லாரியில் போய்விட்டது.

அந்த நோட்டை நிதானமாகப் படியுங்கள். மன்றத்துப் பெரியவர்கள் பல பேர் இப்படி ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். படம் பேர், தேதி, தியேட்டர், எத்தனையாவது தடவை, யாரோடு போனது. நான் பார்த்த ஒரு நோட்டில் கணக்கோடு கணக்காக 'மகள் பிறந்தாள், இரண்டாம் ஆட்டம் போகவில்லை' என்று எழுதியிருந்தது. உங்கள் வீட்டுச் சரித்திரமே அதற்குள் இருக்கலாம். 2012 மார்ச்சில் 'கர்ணன்' டிஜிட்டலில் புதுசாக வந்து, சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியதே, அந்த வருஷத்துப் பக்கத்தைத் தவறாமல் பாருங்கள். பல வருஷமாகப் படம் பார்க்கப் போகாத கிழவர்கள் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு போனது அப்போதுதான். நீங்களே கூடப் போயிருப்பீர்கள், சின்ன வயசில் தூங்கிப்போயிருப்பீர்கள்.

இனிமேல் நாங்கள் செய்ய வேண்டுமா என்று கேட்டீர்கள். கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். இப்போது பல பேர் படையலுக்குப் பதில் ரத்தம் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில், வெளி மாநிலத்திலிருந்து நோயாளியோடு வந்து ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறார்கள். பொட்டலத்தின் மேல் ஒட்டின படத்தில் இருப்பவர் யார் என்று அந்த வங்காளத்துக்காரருக்குத் தெரியாது. பசி ஆறுகிறது. அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் என்னைக் கேட்பதற்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டிய ஆள் வீட்டிலேயே இருக்கிறார். இத்தனை வருஷம் மாலை போட்டது தாத்தா. காலையில் குளித்து, ஈரத் தலையோடு அடுப்பு மூட்டி, வடைக்கு அரைத்து, பத்துப் பேருக்கு இலை போட்டு எடுத்தது யார்? உங்கள் கேள்வியில் பாட்டி வரவேயில்லை. அவர் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தக் குழம்பு வைப்பார், ஏன் அந்தக் குழம்பு, முதல் வருஷம் யார் யார் வந்தார்கள் என்று கேளுங்கள். தாத்தா போய் வருஷம் திரும்பவில்லை, வீட்டில் பண்டிகை இல்லை. இதைப் பண்டிகைக் கணக்கில் சேர்ப்பதா, காரியக் கணக்கில் சேர்ப்பதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். "போதும்பா, என்னால முடியல" என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். "அரிசி எடுத்துகினு வா" என்று சொன்னால் நீங்கள் போய் வாழையிலை வாங்கி வாருங்கள்.

பெட்டியின் அடியில் மடித்த போஸ்டர் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். கறுப்பு மை, சிரிக்கிற முகம், கீழே 'வேலூர் வீட்டார்'. பிரிக்கும்போது மடிப்பில் கிழியும், ஈரத்துணியை ஒரு ராத்திரி பக்கத்தில் வைத்திருந்து காகிதம் கொஞ்சம் இளகின பிறகு பிரியுங்கள். 'அஞ்சலி'யில் வருகிற 'ஞ' எழுத்துக்கு இடது மூலை தெறித்திருந்தால், அது என் கடையில் அன்றைக்கு ராத்திரி அடித்ததுதான்.